தலைவரின் ஜெனரேட்டரும் முத்தம்மாவின் அரிசியும்

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காற்று துளியும் இல்லை. பசுந்தாங் ஓடையிலிருந்து ஏறிய ஈர வெக்கை எங்கள் பட்டறையின் தகரக் கூரைக்கு அடியில் அப்படியே நின்றது. எடை மேடையின் மேல் ஒரு வீட்டு டிரெய்லர் நின்றது. அதன் முன்பாதியில் முருகன் உற்சவர். பின்பாதியில் அன்னதானச் சமையலறை. தாகேதா பக்கத்துக் கோயில் கமிட்டியார், பெகுவைத் தாண்டியுள்ள ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் பங்குனித் திருவிழாவுக்காக அதை இழுத்துப்போகக் கிளம்பியிருந்தார்கள். நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது.

அந்தக் காலையைப் பற்றி எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். ஆனால் இப்போது அந்த மேடையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என்னை விடுவதாக இல்லை. வெளிநாட்டுப் பழைய வீட்டு டிரெய்லர்கள் நிறைய வருகின்றனவாம். வாங்குகிறவர் கைபேசியை நீட்டி, "இந்த பிக்அப் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும்னு போட்டிருக்கே, நீங்க ஏன் முடியாதுங்கிறீங்க?" என்று சண்டைக்கு வருகிறாராம். "சயா, என்ன பதில் சொல்றது, எழுதிக் குடுங்க" என்றார்கள். தொழில் தெரிந்தவனை ரங்கூனில் சயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பதில் சிறியது. அந்த எண், வண்டியில் ஓட்டுநரைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதபோது சொல்லும் எண். பிக்அப்பும் டிரெய்லரும் சேர்ந்து இவ்வளவுதான் போகலாம் என்று இன்னொரு எண் உண்டு. அதை யாரும் கைபேசியில் தேடுவதில்லை. பிக்அப்பில் ஐந்து பேர் ஏறி, பின்னால் பெட்டி படுக்கையும் போட்டால், அந்தப் பாரம் முழுவதும் டிரெய்லரின் பங்கிலிருந்துதான் கழியும். மூன்றாவது, கொக்கிப் பாரம். டிரெய்லரின் மூக்கு பிக்அப்பின் கொக்கியை அழுத்தும் எடை அது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அங்கே இறங்க வேண்டும். மிகுந்தால் பிக்அப்பின் முன்சக்கரங்கள் லேசாகும். குறைந்தால் டிரெய்லர் வாலை ஆட்டும். இவ்வளவையும் பர்மியத்தில் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதியைத் தமிழில் எழுதுகிறேன். அதில் வருகிறவர்கள் நம்மவர்கள். படிக்க வேண்டியவர்களும் அவர்களே.

மிஷன் பள்ளியில் பத்தாவது தேறி, லத்தாவில் ஒரு மொத்தக்கடையில் இரண்டு வருடம் சரக்கு எழுதி, பிறகு இந்தப் பட்டறைக்கு வந்தேன். சாலை அளக்கும் குழுக்கள், கிணறு தோண்டுகிறவர்கள், ஊர் ஊராகப் போகும் கண் வைத்தியர்கள் ஆகியோருக்குச் சக்கரத்தின் மேல் வீடு கட்டித் தருவது எங்கள் தொழில். கட்டி முடித்ததும் எந்த வண்டி எதை இழுக்கலாமென்று பார்த்துச் சொல்வது எடைப் பிரிவு. அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஊ மியின்.

எடை போடும் நாளில் ஊ மியின் தம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். வண்டிக்காரர்கள் நிற்கும் பக்கம் அவர் முதுகு இருக்கும். முகம் எடைக்கருவியை மட்டும் பார்க்கும். வாயில் வெற்றிலை. நாங்கள் பொருளின் பெயரையும் இடத்தையும் கிலோவையும் சொல்ல வேண்டும். யாருடையது என்று சொல்லக்கூடாது. சொன்னால் எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, "முதல்ல இருந்து" என்பார். ஒரு பொருளை நகர்த்தினாலும் இறக்கினாலும் கொக்கிப் பாரத்தை மறுபடி எடுக்க வேண்டும். அது முடியாமல் கொக்கியில் சாக்பீஸ் குறி போடமாட்டார். ஒருநாள் "தொண்ணூறு கிலோ கூடுதல், போக முடியாது" என்று முதுகைக் காட்டியபடி சொன்னார். பின்னாலிருந்து ஓர் ஆள் கத்தத் தொடங்கினான். குரல் பழக்கமாக இருக்கவே அவர் திரும்பிப் பார்த்தார். சொந்த மருமகன். "அட, நீயா?" என்றார். "நூறுன்னு எழுதிக்க, உன் மாமியா குடுத்த மீன் கருவாட்டை நான் இன்னும் நிறுக்கல." பட்டறையே சிரித்தது. மருமகன் போகவில்லை.

எனக்கும் பெருமைப்பட ஒன்றிரண்டு உண்டு. கண் வைத்தியர்களின் டிரெய்லர் சித்திரையில் சரியாக இருந்து, ஆவணியில் எழுபது கிலோ கூடியிருந்தது. புதிதாக எதையும் ஏற்றவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். நான் தரைப் பலகையைக் குத்திப் பார்த்தேன். மழை ஊறிய பலகையும் மெத்தையும்தான் அந்த எழுபது கிலோ. ஊ மியின் வாய் திறந்து பாராட்டவில்லை. வெற்றிலைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். அவர் போன பிறகு அந்த நாற்காலி எனக்கு வந்தது. நானும் பல வருடம் அதைத் திருப்பிப் போட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் போடவில்லை.

கமிட்டித் தலைவர் கோவிந்தன் லத்தாவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர். நான் வருவதற்குள் இன்னொரு நாற்காலி கொண்டுவரச் செய்து தம் பக்கத்தில் போட்டிருந்தார். "வாங்க சயா, வாங்க. உக்காருங்க. யாருப்பா அங்க, சயாவுக்கு லபெயே வாங்கிட்டு வா, பால் தூக்கலா!" என்றார். லபெயே வந்தது; பால் டீக்கு இங்கே அதுதான் பெயர். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"திருவிழாவுல உங்களுக்குப் பொன்னாடை சயா. நோட்டீசுல பேரு போட்டாச்சு. எடை நிபுணர்னு."

அதெல்லாம் எதற்கு என்றேன். சொல்லிவிட்டு, இனிஷியல் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டேன்.

தண்ணீர்த் தொட்டியை முன்னமே காலி செய்யச் சொல்லியிருந்தேன். சாமியோடு டிரெய்லருக்குள் உட்கார்ந்து வருவதாகச் சொன்ன இருவரை பிக்அப்புக்கு மாற்றினேன். அன்று நான் சரியாகச் செய்தவை இந்த இரண்டும்தான். பிக்அப், ஆட்களோடும் சாமான்களோடும், இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது. இரண்டும் சேர்ந்து போகக்கூடியது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஆக, டிரெய்லருக்கு மிச்சம் இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து. மேடை காட்டியது இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. நூற்று நாற்பது கூடுதல். கொக்கிப் பாரம் நூற்று எண்பதுதான். இருநூற்று முப்பத்தைந்தாவது இருக்க வேண்டும். வால் கனம்.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாமிக்கு எதிரே சமையல் சாமான் வைக்கக்கூடாது. ஆகவே அண்டா, கேஸ், வெங்காயச் சாக்கு எல்லாம் சக்கரத்துக்குப் பின்னால் போயிருந்தன. அவற்றுக்கும் பின்னால், வெளியே இரும்புத் தாங்கியில், ஜெனரேட்டர். தலைவர் அந்த வருடம் அளித்த உபயம். மூன்று மொழியில் அவர் பெயர் எழுதிய பலகையோடு நூற்றுப் பதினெட்டு கிலோ. சாமியின் காலடியில், முன்பக்கம், காணிக்கைகள் மட்டும் இருந்தன: மூன்று மூட்டைத் தேங்காய், இரண்டு சாக்கில் அரிசி.

அரிசி முத்தம்மாவுடையது. அவர் பசுந்தாங் சந்தையில் அவித்த பயறு விற்கிறவர். மகன் குமார் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்தால் அவன் எடைக்கு எடை அரிசி கொடுப்பதாக முத்தம்மா வேண்டிக்கொண்டார். அந்தக் கிராமத்துக் கோயிலில் துலாபாரத் தராசு இருக்கிறது. மகன் ஊன்றுகோலோடு பக்கத்தில் நின்றிருந்தான். சாமி வண்டியிலேயே அரிசி போனால்தான் வேண்டுதல் நிறைவேறும் என்பது அந்த அம்மாளின் நம்பிக்கை.

ஜெனரேட்டரையும் ஒரு மூட்டைத் தேங்காயையும் இறக்கினால் போதும். எடையும் சரியாகும், கொக்கிப் பாரமும் ஏறும். அது எனக்கு லபெயே ஒரு வாய் குடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

"பின்னாலிருந்து எதையாவது இறக்கணும்" என்றேன். ஜெனரேட்டர் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

"பின்னாடி என்ன சயா இருக்கு? அண்டா, கேஸு, ஜெனரேட்டரு. அதில்லாம ஆயிரம் பேருக்கு எப்படி ஆக்கறது? முன்னாடி இருக்கற மூட்டைங்க அடுத்த வண்டியில வரட்டுமே" என்றார் தலைவர்.

"அண்டாவையாவது கொஞ்சம் முன்னால தள்ளலாமே" என்றேன். அதற்குச் சாமியோடு கிளம்பியிருந்த பூசாரி சிரித்தார். "விட்டா வெங்காயத்தைக் கொண்டாந்து சாமி மடியிலயே வைப்பீங்க போலருக்கே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அடுத்த வண்டி எப்பங்க?" என்று முத்தம்மா கேட்டார்.

"வரும்மா."

"எப்பன்னு கேக்கறேன்."

"வரும்னா வரும். சாமி காரியத்துல அவசரப்படுத்தாத" என்றார் தலைவர்.

முத்தம்மா என்னிடம் திரும்பினார். "சயா, அந்த அரிசி எவ்வளவு நிக்குது?"

"அறுபத்திரண்டு."

"சரியா இருக்கு. ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்ட அன்னைக்கு இவன் அதான் இருந்தான். அந்த மிசினு எவ்வளவு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எண்ணைக் கேட்டால் எனக்கு வாயை மூடத் தெரியாது. "நூத்திப் பதினெட்டு."

"அப்ப எம்புள்ள அதுல பாதி" என்றார். "பாதி ஆள எறக்கிட்டு முழு மிசினு போவுது. இதுக்கா இத்தாம் பெரிய தராசு வச்சிருக்கீங்க?"

"அம்மா, விடும்மா. வா" என்றான் மகன்.

பாதி என்றால் ஐம்பத்தொன்பது. அரிசி அதைவிட மூன்று கிலோ அதிகம். அந்த நேரத்திலும் என் மனம் அந்தக் கணக்கைத்தான் போட்டது.

அரிசியையும் மூன்று தேங்காய் மூட்டைகளையும் இறக்கினார்கள். அறுபத்திரண்டும் எழுபத்தெட்டும் நூற்று நாற்பது. மேடையில் இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து, அணு பிசகாமல் வந்தது. "பாத்தீங்களா, நம்ம சயா கணக்கு!" என்று தலைவர் தொடையில் தட்டினார். கொக்கிப் பாரத்தை நான் மறுபடி எடுக்கவில்லை. எடுத்தால் என்ன வரும் என்று தெரியும்: ஏறக்குறைய நூற்றிருபது. முன்னால் இருந்த பாரத்தைத்தானே இறக்கியிருந்தோம். கொக்கியில் சாக்பீஸால் குறி போட்டேன்.

ஓட்டுநர் செல்வம் மட்டும், "மறுபடி ஒருக்கா பாக்க வேண்டாமா சயா?" என்றான். "கெய்சா மஷிபூப்பா, ஒண்ணும் ஆகாது" என்று தலைவர் எனக்காகப் பதில் சொன்னார். அவர் தம் காரில் முன்னே போனார். நான் பிக்அப்பில் செல்வத்தின் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பட்டறை வாசலில் முத்தம்மா ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். மற்றதன் மேல் மகன்.

பெகுவுக்கு இந்தப் பக்கம் நேரான ஒரு சாலை வருகிறது. செல்வம் அறுபதுக்கு மேல் போகவில்லை. நான் வேக முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன், பயத்தில். எக்ஸ்பிரஸ் பஸ் ஒன்று எங்களைத் தாண்டியது. அதன் காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்து, திரும்ப வந்து, மறுபக்கம் இன்னும் அதிகமாக இழுத்தது. செல்வம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான், அதுதான் சரி. ஆனால் முன்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைத்தது. பிரேக்கைத் தொட வேண்டியதாயிற்று. டிரெய்லர் வளைந்து வந்து பிக்அப்பைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கொக்கியிலிருந்து கழன்று, அறுவடையான வயலில் சரிந்து படுத்தது. ஸ்டீயரிங் சுழன்றதில் செல்வத்தின் இடது மணிக்கட்டு முறிந்தது. வேறு யாருக்கும் அடியில்லை. உற்சவர் போல்ட்டில் அசையாமல் இருந்தார். ஜெனரேட்டர் பிய்த்துக்கொண்டு போய் வாய்க்கால் சேற்றில் கிடந்தது.

தலைவர் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். இறங்கும்போதே, "எவ்வளவு வேகம்டா போன?" என்று செல்வத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அறுபது. நான் பாத்துக்கிட்டுதான் வந்தேன்" என்றேன். "அரிசியை எறக்கினது தப்பு. ஜெனரேட்டரைத்தான் எறக்கியிருக்கணும். எனக்குத் தெரியும்."

அவர் என் தோளில் கை வைத்தார். "அதிர்ச்சியில பேசறீங்க சயா. தண்ணி குடிங்க."

சாமி வாடகை லாரியில் போனார். நான் செல்வத்தைப் பெகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கட்டுப் போடும்போது, "சயா, நான் வேகமாப் போகலன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க. அடுத்து யாரும் வண்டி குடுக்கமாட்டாங்க" என்றான். சொல்கிறேன் என்றேன்.

எட்டு நாள் கழித்துத் திருவிழாவுக்கு பஸ்ஸில் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்து, ஓட்டுநர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டதாகவும், எடை நிபுணர் முன்கூட்டியே நூற்று நாற்பது கிலோவைக் குறைத்ததால்தான் உயிர்ச்சேதம் இல்லையென்றும் சொன்னார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். பொன்னாடையைப் போட்டார்கள். கை தட்டினார்கள். மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "ரெண்டு வார்த்தை" என்றார்கள்.

"நன்றி" என்றேன். அதோடு இறங்கிவிட்டேன்.

இறங்கும்போது துலாபார வரிசையில் முத்தம்மாவைப் பார்த்தேன். இரண்டு சாக்கையும் லைன் பஸ்ஸின் கூரையில் ஏற்றி, மூன்று பஸ் மாறி, மகனோடு தானே கொண்டுவந்திருந்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்ததையும் பார்த்தார். வரிசை நகர, சாக்கை முன்னே இழுத்தார்.

குமார் தட்டில் உட்கார்ந்தான். அரிசியை எதிர்த்தட்டில் வைத்தார்கள். அவன் பக்கம் தாழ்ந்தே நின்றது. வேண்டுதல் வைத்த நாளுக்குப் பிறகு அவன் தேறியிருந்தான். முத்தம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏறிட்டான்! பாருங்க, எம்புள்ள ஏறிட்டான்!" பிறகு முகம் மாறியது. தட்டு சமமாகாமல் வேண்டுதல் முடியாது. பின்னால் வரிசை நின்றது. பூசாரி, "சீக்கிரம்மா, எதையாவது வச்சு சமன் பண்ணு" என்றார்.

"எவ்வளவு கொறையுது?" என்று முத்தம்மா கேட்டார், யாரையும் பார்க்காமல்.

நான் தட்டின் சரிவைப் பார்த்தேன். "நாலு கிலோ" என்றேன்.

கோயிலுக்கு வெளியே ஒரு கடை இருந்தது. ஓடினேன், என் முழங்காலுக்கு அது ஓட்டம்தான். கடையில் பை தீர்ந்திருந்தது. பொன்னாடையை விரித்து நாலு கிலோவைக் கொட்டச் சொல்லி, நான்கு முனையையும் முடிந்து தூக்கி வந்தேன். முத்தம்மா முடிச்சை அவிழ்த்து அரிசியைத் தட்டில் சாய்த்தார். மகனின் தட்டு மெல்ல எழுந்து சமமானது. மகன் இறங்கினான்.

அவர் துணியை இரண்டு முறை உதறி, ஒரு மணி கூட ஒட்டாமல் மடித்தார். இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார்.

"எவ்வளவுங்க ஆச்சு?"

"வேண்டாம்மா. நான்..."

"என் வேண்டுதல் சயா. உங்க அரிசி அதுல சேரக்கூடாது. எவ்வளவு?"

"பதினாலாயிரம்."

எண்ணிக் கொடுத்தார். மடித்த பொன்னாடையின் மேல் நோட்டுகளை வைத்து நீட்டினார். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

செல்வத்தின் வேகம் அறுபதுதான். ஒலிபெருக்கியில் சொல்லாததை அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் சொன்னேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் காதுகொடுத்துக் கேட்டார்கள். இங்கேயும் எழுதுகிறேன். அவன் மூன்று மாதம் வண்டி ஓட்ட முடியவில்லை. அந்த மூன்று மாதச் சம்பளத்தை நான் கொடுத்தேன், பதின்மூன்று லட்சத்து ஐம்பதாயிரம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. வயலில் நசுங்கிய அவன் கைபேசிக்கு ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். நான் திருவிழாவுக்குப் போய்வந்த பஸ்ஸுக்கு ஒன்பதாயிரம். அரிசிக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முத்தம்மா கொடுத்துவிட்டார். மொத்தம் பதினெட்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கியாட்.